அறுநூறு குதிரைகளும் ஓர் அடுக்குக் கேக்கும்

பல் டாக்டர் அந்த வண்டியை வாங்கியதற்கு முழுமுதற் காரணம் எதிர்க் கட்டடத்தில் பல்லுக்குக் கிளிப் போடும் டாக்டர்தான். இருவரும் ஒரே கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். கிளிப் டாக்டர் பெரிய வண்டி ஒன்றை வாங்கித் தன் கிளினிக் வாசலில் நிறுத்த ஆரம்பித்ததிலிருந்து, பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்த நோயாளிகளின் கண்கள் எல்லாம் ஜன்னல் வழியே அங்கேதான் மேய்ந்தன. வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. பஞ்சை எடுத்ததும் ஒரு பெண்மணி மட்டும் கேட்டுவிட்டார்: "ஏன் டாக்டர், அவரு உங்களவிட ரொம்பப் படிச்சவரோ?"

அன்று மாலையே டாக்டர் முடிவெடுத்துவிட்டார். கிளிப் டாக்டருடையது வெறும் பெரிய வண்டி. இவர் வாங்கப்போவது அதைவிடப் பெரியது, அதைவிட வேகமானது. விளம்பரத்தில் அதை 'மலையேறும் உடல், பந்தய இதயம், அரண்மனை உள்ளம்' என்று வர்ணித்திருந்தார்கள். இந்த மூன்றும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் எப்போது தேவைப்படும் என்பதை அது விளக்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். அந்த இடத்தில் டாக்டரின் மனைவியுடைய வேன் நின்றுகொண்டிருந்தது. அவர் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். பிறந்தநாள், கல்யாணம், கடை திறப்பு என்று ஊரில் எந்தக் கொண்டாட்டத்துக்கும் அவருடைய அடுக்குக் கேக் போகும். வேன் பார்ப்பதற்கு நாலு சக்கரம் வைத்த அலமாரி மாதிரி இருக்கும். ஆனால் தரை சமமாக இருக்கும், பின்கதவு இரண்டும் ஆவென்று திறக்கும், அடுக்கிய கேக்கை அப்படியே நின்ற கோலத்தில் உள்ளே தள்ளிவிடலாம்.

"வேன வித்துட்டு நான் கேக்கத் தலையில தூக்கிட்டுப் போறதா?" என்றார் மனைவி.

"எதுக்கும்மா தலையில? இந்த வண்டியிலயே கொண்டு போலாம். தண்ணி நிறைஞ்ச டம்ளர வச்சாக்கூட ஒரு சொட்டு சிந்தாதாம். விளம்பரத்துல காட்டுறாங்க."

"டம்ளர் கேக் எனக்குச் செய்யத் தெரியாதே."

மனைவியின் அப்பா கூடவே இருந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகன் எது செய்தாலும் குறுக்கே நிற்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். பின்னால் நின்று சொல்வதற்கு அந்தக் கொள்கையில் தடை இல்லை. "மாப்பிள்ளை ஆசப்படறாரு, விடும்மா. ஆசப்பட்டு வாங்கினாத்தான் அப்புறம் நல்லா வருத்தப்பட முடியும்" என்றார்.

பணத்தைக் கட்டினால் வண்டியைத் தந்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் டாக்டர் போனார். அங்கே போன பிறகுதான் அவருக்குத் தன் அறியாமை தெரிந்தது. அந்த இடத்தை அவர்கள் ஷோரூம் என்று சொல்வதில்லை. 'இல்லம்' என்கிறார்கள். வாங்க வருகிறவர் வாடிக்கையாளர் அல்ல, 'உறுப்பினர்'. விற்கிறவர் விற்பனையாளர் அல்ல, 'உறவு மேலாளர்'. இவருக்கு வாய்த்த உறவு மேலாளர் மெலிந்த இளைஞர். கோட்டு போட்டு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, இழவு வீட்டுக்கு வந்தவரைப் போல மெல்லப் பேசினார்.

"நாங்க வண்டி விக்கிறதில்ல சார். வண்டி விக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க. நாங்க உங்கள ஒரு குடும்பத்துல சேத்துக்கறோம்."

"எங்களுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கு" என்றார் மனைவி.

"அதுவும் இருக்கட்டும் மேடம். நாங்க தடுக்கறதில்ல."

வண்டியை ஒப்படைக்கும் நாளன்று மூவரையும் இருட்டறை ஒன்றுக்குள் கூட்டிப்போனார்கள். எங்கிருந்தோ வயலின் அழுதது. நடுவில் கறுப்புப் பட்டு போர்த்திய பெரிய உருவம் ஒன்று நின்றது. டாக்டர் கையில் வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டார்கள். வருடக்கணக்காகக் கையுறையோடு அடுத்தவர் வாய்க்குள் விரல் விட்டவர் என்பதால் அந்த ஒரு சடங்கில் மட்டும் அவர் தடுமாறவில்லை.

"கண்ண மூடிக்குங்க சார்" என்றார் உறவு மேலாளர். "இதுவரைக்கும் வாழ்ந்த வாழ்க்கைய ஒரு தடவ நெனச்சுப் பாருங்க. அதுகிட்ட விடை வாங்கிக்குங்க."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்த மனைவியின் கையைத் தேடினார். அவர் கையைக் கொடுக்கவில்லை.

பட்டை உருவினார்கள். விளக்குகள் எரிந்தன. வண்டி உண்மையிலேயே அழகாக இருந்தது, அதில் பொய்யில்லை. மழைமேக நிறம். பாயப்போகிற மிருகம் மாதிரி முதுகு பின்பக்கமாகச் சரிந்து இறங்கியது. டாக்டர் கையுறையோடே அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். வீடியோ எடுத்தவர் கேமராவை இறக்கினார்.

"சார் அழலையே."

"அழணுமா?"

"பெரும்பாலான உறுப்பினர்கள் அழுதுடுவாங்க" என்றார் உறவு மேலாளர் கவலையோடு. "கட்டாயம் இல்ல. ஆனா அழாதவங்க வீடியோவ நாங்க வெளியில காட்டறதில்ல."

மறுபடி பட்டைப் போர்த்தினார்கள். மறுபடி வயலின். மறுபடி உருவினார்கள். இந்த முறை மாமனார் அழுதார். பட்டில் இருந்த வாசனைத் தூள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது.

"அறுநூறு குதிரை சக்தி சார்" என்றார் உறவு மேலாளர், சாவியைப் பட்டுத் தலையணையில் வைத்து நீட்டியபடி.

"எங்க தெருவுல ரெண்டு ஸ்கூட்டர் எதிரெதிரா வந்தாலே ஒண்ணு பின்னாடி போகணும்" என்றார் மாமனார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அறுநூறும் எங்க நிக்கும்?"

வீட்டுக்கு வரும் வழியில் அறுநூறு குதிரைகளும் ஒரு தண்ணீர் லாரியின் பின்னால் வரிசையாக நடந்து வந்தன. இடது பக்கம் ஒரு சைக்கிள் முந்திப்போனது. சைக்கிளில் இருந்தவர் ஒரு கையால் போன் பேசிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் இனிய பெண்குரல் ஒன்று, "உறுப்பினரே, தங்கள் பயணம் ஆற்றல் மிக்கதாக அமைகிறது" என்றது. இருக்கை தானாகவே டாக்டரின் இடுப்பைப் பிசைய ஆரம்பித்தது. அவர் நெளிந்தார். எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. திரையைத் தொட்டார், இன்னும் பலமாகப் பிசைந்தது.

"இதுல ஜன்னல் எங்க மாப்பிள்ளை?" என்று பின்னாலிருந்து கேட்டார் மாமனார். சரிந்த கூரைக்குத் தோதாகப் பின்கண்ணாடியைத் தபால் பெட்டியின் வாய் அளவுக்குக் குறுக்கியிருந்தார்கள். அந்த உவமையையும் அவரே சொன்னார். அவருக்குத்தான் அந்த அனுபவம் இருந்தது.

கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே டாக்டர் வண்டியை நுழைத்துவிட்டார். நுழைத்த பிறகு எந்தக் கதவும் திறக்கவில்லை. மூவரும் இருக்கைகளைத் தாண்டி, பின்பக்கக் கதவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய டாக்டரைக் கட்டடச் சங்கச் செயலாளர் பார்த்துவிட்டு, "யாரோ வண்டிக்குள்ள பூந்து திருடறாங்கன்னு நெனச்சிட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பினார். கிளம்பும்போது அது உறுமியது. அந்த உறுமலில் மற்ற வண்டிகளின் திருட்டு அலாரங்கள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. முதல் மாடியில் ஒரு குழந்தை வீறிட்டது. செயலாளர் லுங்கியோடு ஓடி வந்தார். டாக்டர் கூசிப்போய் உறவு மேலாளருக்குப் போன் செய்தார்.

"இந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறைக்க முடியுமா? எஞ்சின்ல ஏதாவது பண்ணணுமா?"

"எஞ்சின்ல சத்தமே கிடையாது சார். அது ரொம்ப அமைதியான எஞ்சின். சத்தம் ஸ்பீக்கர்ல இருந்து வருது."

"அப்ப பொய்ச் சத்தமா?"

உறவு மேலாளர் புண்பட்டுப் போனார். "சத்தம் நிஜம் சார். வர்ற இடம்தான் ஸ்பீக்கர். இந்தச் சத்தத்துக்காக எங்க ஆளுங்க வருஷக்கணக்கா உழைச்சிருக்காங்க. அப்புறம் சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன். நேத்து வர்ற வழியில பிரேக்க ரொம்பக் கோவமா மிதிச்சிருக்கீங்க. வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி வருத்தப்பட்டுச்சு சார்."

அன்றிலிருந்து வண்டி அவரைப் பற்றி இல்லத்துக்குச் சொல்லாத விஷயம் இல்லை. வளைவில் தயங்கினார், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினார், உள்ளே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார், எல்லாம் போய்ச் சேர்ந்தது. கடைசியில் அவரை 'உறுப்பினர் மெருகேற்றல்' என்ற வகுப்புக்கு அழைத்தார்கள். வசதியானவர்கள் பலர் மாணவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டியிலிருந்து எப்படி இறங்குவது என்று ஓர் அம்மாள் நடந்து காட்டினார். முதலில் கால் வர வேண்டும், பிறகு பார்வை வர வேண்டும், கடைசியில்தான் ஆள் வர வேண்டும். டாக்டரின் வீட்டில் பின்கதவு வழியாக முதலில் தலைதான் வரும் என்பதால், இந்தப் பாடத்தை எங்கே பயன்படுத்துவது என்று அவருக்குப் புரியவில்லை.

பக்கத்தில் இருந்த ஓட்டல் முதலாளி அவர் காதில் சொன்னார்: "நான் இத எடுத்துக்கிட்டு எங்கயும் போறதில்லீங்க. போனா அழுக்காயிடும். வெளியில போக ஒரு சின்ன வண்டி தனியா வச்சிருக்கேன்."

"அப்ப இது எதுக்கு?"

"இருக்குல்ல" என்றார் ஓட்டல் முதலாளி. அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்பதுபோல் பார்த்தார்.

இதற்கிடையே மனைவியின் தொழில் தள்ளாட ஆரம்பித்தது. பெரிய கேக்குக்கான ஆர்டர்களை அவர் மறுக்க வேண்டியிருந்தது. வண்டியின் பின்பக்கத்தில் கோல்ஃப் மட்டைப் பை வைக்கப் பள்ளம் இருந்தது. கேக் வைக்கச் சமமான இடம் ஒரு சாண் இல்லை. அவர் டாக்டரிடம் குறை எதுவும் சொல்லவில்லை. காலையில் காபியை மேஜையில் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தார். இந்தச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை என்பது டாக்டருக்குத் தெரிந்தது.

அப்போதுதான் இல்லத்தின் ஆண்டு விழா வந்தது. உறவு மேலாளர் போனில் குழைந்தார். "ஒவ்வொரு வருஷமும் ஒரு புது உறுப்பினர் 'என் முதல் அனுபவம்'னு பேசுவாரு சார். இந்த வருஷம் நீங்கதான். பேச்சு நாங்களே எழுதித் தந்துடறோம், நீங்க உணர்ச்சிய மட்டும் கொண்டு வந்தாப் போதும். விழா கேக்க மேடமே பண்ணினா நல்லாருக்கும். குடும்பத்துக்குள்ளயே இருந்த மாதிரி ஆச்சு."

மனைவிக்கு இஷ்டமில்லை. ஆனால் ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் வரும் விழா. கேக் நன்றாக அமைந்தால் விட்டுப்போன வாடிக்கையெல்லாம் திரும்பி வரும். வேன் போன பிறகு ஒப்புக்கொண்ட முதல் பெரிய வேலை. இரண்டு நாள் சரியாகத் தூங்காமல் செய்தார். மூன்று அடுக்கு. வெள்ளைக் கிரீம். உச்சியில் சர்க்கரையில் வடித்த மழைமேக நிற வண்டி, அதன் கதவுகூடத் திறக்கும். டாக்டர் பார்த்துவிட்டு, "நெஜ வண்டியோட கதவவிட நல்லாத் திறக்குதே" என்றார். பல நாட்களுக்குப் பிறகு மனைவி சிரித்தார்.

அடுக்கியபடி கொண்டுபோக முடியாது என்பதால் மூன்று பெட்டிகளில் வைத்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய அடியடுக்கு, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஜில்லோடு, பின்னிருக்கையில். அதன் பக்கத்தில் மாமனார், மடியில் நடு அடுக்கோடு. முன்னிருக்கையில் மனைவி, மடியில் சர்க்கரை வண்டி உட்கார்ந்த மேல் அடுக்கோடு. டாக்டர் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு ஓட்டினார். எழுதிக் கொடுத்த பேச்சு கண்ணாடிக்கு முன்னால் இருந்தது.

தெருமுனை தாண்டியதும் குரல் ஒலித்தது: "பின்னிருக்கையில் பயணி ஒருவர் பாதுகாப்புப் பட்டை அணியவில்லை."

மாமனார் தன் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். போட்டிருந்தார். குரல் மீண்டும் சொன்னது. "அந்தக் கேக்கத்தான் சொல்லுது" என்றார் மனைவி. மாமனார் கேக் பெட்டிக்குப் பட்டை மாட்டினார். குரல் நன்றி சொன்னது.

கொஞ்ச தூரம் போனதும் குரலில் கவலை ஏறியது. "பின்னிருக்கைப் பயணியின் உடல் வெப்பம் குறைவாக உள்ளது. இதமளிக்கப்படுகிறது."

"என்னது அளிக்கப்படுது?" என்றார் மனைவி, திரும்பிப் பார்த்து.

"இங்க சுடுதும்மா!" என்றார் மாமனார். "சீட்டு சுடுது. ஐயையோ, மாப்பிள்ளை, கேக்குக்கு மசாஜ் பண்ணுது!"

பெட்டி கீழேயிருந்து மெதுவாக, அன்பாக, அலையலையாகத் தூக்கிப்போடப்பட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் பதறிப்போய்த் திரையில் கண்டபடி தட்டினார். வண்டிக்குள் விளக்கு ஊதாவாக மாறியது. கூரை திறந்தது. கடலலை ஓசை கேட்டது. சூடு மட்டும் குறையவில்லை. மனைவி சர்க்கரை வண்டியை ஒரு கையில் ஏந்தியபடி, மறு கையைப் பின்னால் நீட்டிப் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். டாக்டரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"உறுப்பினரே, தங்கள் கவனம் சிதறுகிறது. பயணியின் நிலையும் கவலைக்கிடமாக உள்ளது. வாகனம் பாதுகாப்பாக நிறுத்தப்படுகிறது."

அறுநூறு குதிரைகளும் சாலையோரம் ஒதுங்கி, நின்று, படுத்துவிட்டன. படுத்தது என்பது மிகை இல்லை. பயணிகள் எளிதாக இறங்குவதற்காக வண்டி தன் உடம்பைத் தரையோடு தாழ்த்திக்கொண்டது. அதற்குமேல் எதை மிதித்தாலும் அசையவில்லை.

உறவு மேலாளர் போனை உடனே எடுத்தார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார். பின்னாடி இருக்கிறவரு மூச்சு விடறாரா?"

"அது கேக்குய்யா!"

"சிஸ்டத்துல பயணின்னுதான் சார் காட்டுது."

"உங்க விழாவுக்கு வர்ற கேக்குதான். நீங்க ஆர்டர் பண்ணின கேக்!"

"எனக்குத் தெரியுது சார். வண்டிக்குத் தெரியணுமே. அவரு ஏதாவது ஒரு வார்த்த பேசினாருன்னா வண்டி சமாதானமாயிடும்."

டாக்டர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெட்டியின் பக்கமாகக் குனிந்து, கேக்கின் சார்பாக, "நான் நல்லா இருக்கேன். எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"இக்குரல் மூத்த பயணியினுடையது" என்றது வண்டி. "மற்றவர் பேசவும்."

மற்றவர் பேசவில்லை. பெட்டியின் ஓரத்தில் கிரீம் கசிய ஆரம்பித்தது. மனைவி கோபப்படுவார் என்று டாக்டர் எதிர்பார்த்தார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தக் கசிவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டிருந்தது. வண்டியை ஒப்படைத்த அன்று அழச்சொல்லி அத்தனை பாடுபட்டார்கள். இப்போது எடுக்க வீடியோக்காரர் இல்லை. டாக்டர் கதவைத் திறந்துகொண்டு நடுரோட்டுக்கு ஓடினார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோட்டோடு, வந்த முதல் வண்டிக்கு முன்னால் நின்றார்.

அது பின்பக்கம் திறந்த ஒரு சரக்கு வண்டி. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கடுக்காக ஏற்றியிருந்தது. ஓட்டி வந்தவர் விழாக்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுபவர். பிரேக் அடித்துவிட்டுத் தலையை நீட்டினார்.

"சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? அந்தப் பக்கம் நல்ல நல்ல வண்டியெல்லாம் வருதுல்ல?"

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். இல்லத்தின் பெயரைக் கேட்டதும் நாற்காலிக்காரர், "அட, இந்த நாற்காலியே அங்கதான் போகுது. ஏறுங்க" என்றார். அவர்கள் ஏறும்போது, கீழே படுத்திருந்த வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, "புதுசா? பஞ்சரா?" என்று விசாரித்தார்.

"கவலையா இருக்காம்" என்றார் மாமனார்.

சமமான தரை. கேக் பெட்டிகளைத் தரையில் வைத்து, சுற்றி நாற்காலிகளை நெருக்கி அணை கட்டினார்கள். மாமனார் ஒரு நாற்காலியை உருவிப் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டார். டாக்டரும் மனைவியும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். காற்று முகத்தில் அடித்தது. முன்னால் போன ஒவ்வொரு வண்டியையும் நாற்காலிக்காரர் ஹார்ன் அடித்தே விலக்கினார்.

"தப்பு என்னுதும்மா" என்றார் டாக்டர். "வேன வித்திருக்கக் கூடாது."

"மொதல்ல கேக்கப் பிடிங்க" என்றார் மனைவி. கொஞ்சம் கழித்து, "கோட்டுல கிரீம்" என்று சொல்லி, தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

இல்லத்தின் முன்வாசலில் காவலாளி மறித்தார். உறுப்பினர்கள் உறுப்பினர் வண்டியில்தான் வர வேண்டும் என்பது விதி. "நான்தான் இன்னிக்குப் பேசப்போறவன்" என்று டாக்டர் நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார். "நாற்காலியெல்லாம் பின்வாசல்" என்றார் காவலாளி. ஆகவே புதிய உறுப்பினர் சமையலறை வழியாகக் குடும்பத்துக்குள் நுழைந்தார்.

மனைவி மளமளவென்று கேக்கை அடுக்கினார். அடியடுக்கு ஒரு பக்கம் இளகிச் சரிந்திருந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அப்படியும் மேலே இருந்த சர்க்கரை வண்டி கொஞ்சம் முன்னால் சாய்ந்தே நின்றது.

மேடையில் இல்லத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளி முடி, கணீர்க் குரல்.

"எல்லாரும் எங்ககிட்ட கேக்கறாங்க, ஏன் இவ்வளவு வெலன்னு. நான் திருப்பிக் கேக்கறேன், வெல கம்மியா இருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க!" கூட்டம் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு கைதட்டியது. "எங்ககிட்ட காத்திருக்கறவங்க வரிசை இருக்கே, அதுதான் எங்க உண்மையான தயாரிப்பு. வண்டி அதுக்கப்புறம் வர்ற ஒரு உபரி. ஒருத்தருக்குக் கெடைக்காத வரைக்கும்தான் இன்னொருத்தருக்குக் கெடச்சதுக்கு மதிப்பு. நம்ம குடும்பத்தோட அன்பே அதுலதான் இருக்கு. அப்புறம் ஒண்ணு சொல்றேன், பெருமையாச் சொல்றேன். நம்ம வண்டிய நம்பி ஏறினவங்க யாரும் நடுவழியில நின்னதில்ல!"

அதற்கு எழுந்த கைதட்டலில்தான் டாக்டரைப் பேச அழைத்தார்கள். கோட்டில் கிரீம், தலையில் புழுதி. பையைத் தடவினார். எழுதிக் கொடுத்த பேச்சு வண்டிக்குள்ளேயே இருந்தது. உறவு மேலாளர் கீழேயிருந்து, உணர்ச்சி, உணர்ச்சி என்று சைகை காட்டினார்.

"என் முதல் அனுபவம்" என்று ஆரம்பித்தார் டாக்டர். வேறு எதுவும் ஞாபகம் வராததால் நடந்ததையே சொன்னார். பின்கதவு வழியாக இறங்குவதைச் சொன்னார். ஸ்பீக்கர் உறுமலைச் சொன்னார். கேக்குக்குப் பட்டை போட்டதை, சூடு வைத்ததை, மசாஜ் செய்ததை, மாமனார் கேக்குக்காகக் குரல் கொடுத்ததை, எதையும் கூட்டாமல் குறைக்காமல், பல் பிடுங்குவதற்கு முன் நோயாளிக்கு விளக்குகிற அதே நிதானத்தில் சொன்னார்.

 ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதன் பின் அணை உடைந்தது. "என் வீட்டு அரிசி மூட்டைய அது ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிடுச்சுங்க!" என்று ஒருவர் எழுந்தார். "என் மாமியாரப் பார்சல்னு நெனச்சுப் பூட்டி வச்சிடுச்சு" என்றார் இன்னொருவர். அவர் அதைப் புகாராகத்தான் சொன்னார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஓட்டல் முதலாளி எழுந்து, தன் வண்டி ஓடாமலேயே நிற்பதால் மனம் தளர்ந்து தானாகவே இல்லத்துக்குப் போன் செய்துவிட்டது என்றார். உறவு மேலாளரின் முகம் கிரீமைவிட வெளுத்தது.

இல்லத் தலைவர் மட்டும் அசரவில்லை. டாக்டரின் தோளில் கைபோட்டு மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கேட்டீங்களா? ஒரு கேக்கு! மாவும் முட்டையும்! அதக்கூட மனுஷனா மதிச்ச வண்டி! அதுக்குக் குளிருதுன்னு போர்த்திவிட்ட வண்டி! இன்னிக்கு ஒரு மனுஷன் ரோட்டுல விழுந்து கெடந்தா யாரு நின்னு பாக்கறாங்க? நம்ம வண்டி நின்னுச்சு!"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. சற்றுமுன் சிரித்தவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். டாக்டர் முழித்துக்கொண்டு நின்றார். தன்னையறியாமல் அவரும் இரண்டு தட்டு தட்டிவிட்டார். கேக்கைக் கொண்டுவந்தபோது தலைவர் அதன் சாய்வைப் பார்த்து, "பாயற வேகத்த எப்படிப் பிடிச்சிருக்காங்க பாருங்க!" என்று வியந்தார். அந்த இடத்திலேயே மூன்று பேர் மனைவியிடம் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு இதே மாதிரி சாய்ந்த கேக் வேண்டும் என்று சொல்லி வைத்தார்கள்.

விழா முடிந்து வெளியே வந்தால், பின்வாசலில் கூட்டம். உறுப்பினர்கள் பலர் கோட்டும் டையுமாக நாற்காலிக்காரரைச் சூழ்ந்து நின்று அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியாமல் வாங்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் தாழ்ந்த குரலில் கேட்டதால் அவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. "சத்தமாக் கேளுங்கப்பா, இதுல என்ன வெக்கம்?" என்று அவர் அதட்டினார்.

அதன்பின் மனைவியின் கேக்குகள் எல்லாம் நாற்காலிக்காரரின் வண்டியில்தான் போயின. நாற்காலி, கேக் இரண்டுக்கும் சேர்த்தே ஆர்டர் பிடிப்பது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். தொழில் முன்பைவிட நன்றாக நடந்தது. இல்லத்து ஆட்கள் கொண்டுவந்து விட்ட மழைமேக நிற வண்டி இரண்டு தூண்களுக்கு நடுவே நின்றது. டாக்டர் கிளினிக்குக்கு நடந்து போனார். மனசு லேசாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். கிளிப் டாக்டரின் வாசலைப் பார்க்காமல் நடக்கவும் பழகியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவு மேலாளர் கூப்பிட்டார். குரலில் பழைய மென்மை.

"ஒரு நல்ல சேதி சார். உங்க பேச்சுதான் அதுக்குத் தூண்டுதல்னு தலைவரே சொன்னாரு. புதுசா ஒண்ணு கொண்டு வர்றோம். பேரு 'துணைவன்'. உங்க வண்டி கவலையா இருக்கற நேரத்துல, பின்னாடியே வந்து உங்கள ஏத்திக்கிட்டுப் போகும். முன்னாடி ரெண்டு பேர் உக்காரலாம். பின்பக்கம் திறந்த வெளி, சமமான தரை."

"அது சரக்கு வண்டிதானே?"

"நாங்க அப்படிச் சொல்றதில்ல சார். ஏகப்பட்ட பேர் காத்திருக்காங்க. கிளிப் போடற டாக்டர் ஒருத்தர் இப்பத்தான் பேர் கொடுத்துட்டுப் போறாரு."

சமையலறையில் மனைவி முட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். மாமனார் பேப்பரை இறக்கிவிட்டு மருமகனைப் பார்த்தார். டாக்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு இருவரையும் பார்த்தார். இதுவரை பட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண்முன் வந்து போனது. எல்லாம் வந்து போகும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு ஜன்னல் பக்கமாகத் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"என்னென்ன கலர்ல வருது?"